உதட்டுக் கொப்புளமும் நம் அறியாமையும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி ஏரியூரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

கல்வியின் மேன்மையைப் பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைக் கேட்டனர். அதைப் பேசுவதற்கு நம்மினும் வல்லவர்கள் இம்மேடையில் வீற்றிருக்கின்றனர். ஆகவே, வேறொரு பொருளை நாமே கேட்டுப் பெற்றுக்கொண்டோம். உதட்டில் வரும் கொப்புளம் என்பதே அப்பொருள். இதைச் சொன்னவுடன் குழுவில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிக்கத்தக்க பொருளே. பத்து நாளில் தானே ஆறிப் போகும் ஒரு புண்ணுக்கு வெள்ளி விழா மேடை எதற்கு? அதற்குரிய காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் நாம் பணியாற்றிய பள்ளியொன்றில், பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி உதட்டோரத்தில் கொத்துக் கொத்தாக நீர்க் கொப்புளங்களோடு பள்ளிக்கு வந்தாள். பொதுத் தேர்வுக்கு மூன்று கிழமைகளே இருந்தன. உடன் அமர்ந்த பிள்ளைகள் விலகி அமர்ந்தனர். நாம் அவளை அழைத்து, "ஆறிய பிறகு வா, அம்மா" என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினோம். மற்றப் பிள்ளைகளின் நலன் கருதிச் செய்ததாகவே அன்று எண்ணினோம். தலைமையாசிரியரே அனுப்பிவிட்டார் என்றால் அது பெரிய நோயாகத்தானே இருக்க வேண்டும்? மாலைக்குள் தெருவில் பேச்சுக் கிளம்பிற்று. அவளுடைய அண்ணன் கைப்பேசியில் தேடிப் பார்த்திருக்கிறான். நோயின் பெயரைக் கண்டான். அப்பெயருக்குப் பக்கத்தில் பால்வினை நோய் என்ற சொல்லையும் கண்டான். அதன் பிறகு அவ்வீட்டில் நிகழ்ந்தவற்றை நாம் இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை. பெண்ணுக்குப் படிப்புப் போதும், மாப்பிள்ளை பார்ப்போம் என்னும் அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

செய்தி எட்டியதும் கிராம சுகாதார செவிலியரை உடன் அழைத்துக்கொண்டு அவ்வீட்டுக்குச் சென்றோம். திண்ணையில் அமர்ந்து செவிலியர் ஒரு மணி நேரம் விளக்கினார். பெற்றோரோடு சேர்ந்து நாமும் மாணவனைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தோம். அவர் சொன்னவற்றுள் பாதி நமக்கே புதியவை. இதில் நாணத்தக்க செய்தி இன்னொன்றும் உண்டு. அதே கொப்புளம் இளமை முதல் நமக்கும் வந்துகொண்டிருக்கிறது! பள்ளி ஆய்வு, தேர்வுப் பணி என்று உறக்கம் கெடும் ஒவ்வொரு மார்ச்சிலும் மேலுதட்டில் அது தலைகாட்டும். நம்மை யாரும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அன்று முதல் இப்பொருளைக் குறித்து மருத்துவர்களிடம் கேட்டும் நூல்களில் படித்தும் அறிந்தவற்றையே இங்குச் சொல்கிறோம்.

நம் பகுதியில் இக்கொப்புளத்துக்குக் காரணம் கேட்டால் வீட்டுக்கு ஒரு விடை கிடைக்கும். உறங்கும்போது பல்லி சிறுநீர் கழித்துவிட்டது என்பர் சிலர். பூச்சி நக்கிவிட்டது என்பர் சிலர். உடம்புச் சூடு என்பது பெரும்பாலோர் விடை. பல்லி விழும் பலனுக்குப் பஞ்சாங்கத்தில் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கும் நாட்டில், பாவம், அந்தப் பல்லியின் மேல் இன்னொரு பழியும் விழுந்ததில் வியப்பில்லை. பல்லிக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆயினும் உடம்புச் சூடு என்னும் விடையை முற்றும் தள்ளிவிட முடியாது. அதில் ஒரு பாதி உண்மை மறைந்திருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

இக்கொப்புளத்தை உண்டாக்குவது ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸ். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் சில நூறு வைரஸ்களை வரிசையாக அடுக்கிவிடலாம், அத்துணை நுண்ணியது. இதில் இரு வகைகள் உள்ளன. முதல் வகை பெரும்பாலும் வாயையும் முகத்தையும் பற்றுவது. இரண்டாம் வகை பெரும்பாலும் பிறப்புறுப்பைப் பற்றுவது. அது பாலுறவால் பரவுவது. முதல் வகையும் சில வேளைகளில் அவ்வாறு பரவுவதுண்டு. ஆனால், உதட்டுக் கொப்புளம் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வைரஸைப் பெற்றது பால்மணம் மாறாப் பருவத்தில். தாயோ பாட்டியோ அத்தையோ அன்போடு கொடுத்த ஒரு முத்தத்தில். அந்த அண்ணன் கைப்பேசியில் கண்டது இரண்டாம் வகையைப் பற்றிய செய்தி. இரண்டுக்கும் குடும்பப் பெயர் ஒன்றாக இருந்ததால் ஒருத்தியின் படிப்பே போகவிருந்தது.

இது எத்தனை பேரிடம் இருக்கிறது தெரியுமா? 2020ஆம் ஆண்டு நிலவரப்படி உலகில் ஐம்பது வயதுக்குட்பட்டவர்களில் ஏறத்தாழ 380 கோடிப் பேரிடம், அதாவது நூற்றுக்கு 64 பேரிடம், இம்முதல் வகை வைரஸ் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. இப்பந்தலில் அமர்ந்திருப்போரில் பாதிக்கு மேற்பட்டோரிடம் அது இருக்கக்கூடும். அவர்களுள் பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு கொப்புளங்கூடத் தோன்றுவதில்லை. தம்மிடம் அது இருப்பதையே அறியாமல் வாழ்ந்து முடிப்பர்.

முதன்முறை தொற்றும்போது பெரும்பாலான குழந்தைகளுக்கு எதுவும் தெரியாது. சிலருக்கு மட்டும் கடுங்காய்ச்சல் வரும். ஈறு வீங்கிச் சிவக்கும். வாய் முழுவதும் புண்ணாகி எச்சில் ஒழுகும். குழந்தை பாலையும் சோற்றையும் மறுக்கும். பல் முளைக்கிறது என்று நாம் விட்டுவிடுகிறோம். நீர்கூட அருந்தாமல் குழந்தை வாடினால் அது ஆபத்து. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.

புண் ஆறிய பின் வைரஸ் எங்கே போகிறது? மருத்துவ உலகைப் பல்லாண்டுகள் திகைக்க வைத்த கேள்வி இது. அது போவதேயில்லை. முகத்தின் உணர்ச்சிகளை மூளைக்குக் கொண்டு செல்லும், மூன்று கிளைகளைக் கொண்ட நரம்பு ஒன்று உண்டு. உதட்டிலிருந்து அந்நரம்பின் வழியே ஏறி, மண்டையோட்டினுள் காதுக்கு முன்புறமாக இருக்கும் நரம்பு முடிச்சில் வைரஸ் ஒளிந்துகொள்கிறது. அங்கே அது பெருகுவதில்லை, உறங்குகிறது. 1971இல் ஸ்டீவன்ஸ், குக் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளின் நரம்பு முடிச்சுகளில் இவ்வாறு உறங்கும் வைரஸைக் கண்டு காட்டினர். மறு ஆண்டில் மனிதரின் முக நரம்பு முடிச்சிலிருந்தும் அது பிரித்தெடுக்கப்பட்டது.

இதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. நாகமரைத் துறையில் நின்று பரிசலேறினால் அக்கரை பண்ணவாடி. 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய பழைய ஊர்களின் நந்தி சிலையும் கிறித்தவக் கோயிலின் கோபுரமும் அங்கே நீருக்குள் நிற்கின்றன. அணை நிறைந்திருக்கும் ஆண்டில் ஒன்றும் தெரியாது, வெறும் நீர்ப்பரப்பே. நீர்மட்டம் இறங்கினால் முதலில் கோபுரத்தின் தலை தெரியும். பின்னர் நந்தி தெரியும். யாரும் புதிதாகக் கொண்டு வந்து வைப்பதில்லை. அவை என்றும் அங்கேயே இருப்பவை. உடம்பின் எதிர்ப்பாற்றலாகிய நீர்மட்டம் இறங்கும்போது, நரம்புக்குள் இருக்கும் வைரஸ் விழித்து, வந்த வழியே இறங்கி உதட்டில் தலைகாட்டுகிறது. பெரும்பாலும் அதே உதட்டில், அதே மூலையில் வருவதற்குக் காரணம் இதுவே.

எதிர்ப்பாற்றலைக் குறைப்பன எவை? காய்ச்சலும் சளியும் முதன்மையானவை. அதனாலேயே ஆங்கிலத்தில் இதற்குச் சளிப் புண் என்றும் காய்ச்சல் கொப்புளம் என்றும் பொருள்படும் பெயர்கள் வழங்குகின்றன. உறக்கமின்மை, கடும் உழைப்பு, மன உளைச்சல், பெண்களுக்கு மாதவிலக்குக் காலம், உதட்டில் காயம், பல் மருத்துவம் ஆகியவையும் சேரும். இன்னொன்று வெயில். சூரிய ஒளியின் புறஊதாக் கதிர்கள் உதட்டில் நீண்ட நேரம் பட்டால் கொப்புளம் எழும்பும். உடம்புச் சூடு என்று நம் பாட்டியர் சொன்னதில் பாதி உண்மை உண்டு என்றோமே, அது இதுதான். காய்ச்சலும் வெயிலும் அதை எழுப்புகின்றன என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருக்கின்றனர். எழுப்புவது வேறு, உண்டாக்குவது வேறு என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியாமற் போயிற்று. பெங்களூரில் கட்டட வேலைக்கும், செங்கற் சூளைக்கும் சென்று நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் நம் மக்கள் தலையில் துண்டை முக்காடாகப் போட்டு, உதடும் நிழலில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது.

கொப்புளம் வருமுன் அது அறிவிப்புக் கொடுக்கும். ஓரிடத்தில் சுருசுருவென்று ஊரும், எரியும், அரிக்கும். அதன்பின் ஒரு நாளுக்குள் நீர்க் கொப்புளங்கள் கொத்தாக எழும். இரண்டு மூன்று நாளில் உடைந்து நீர் கசியும். பின் மஞ்சளாகவோ பழுப்பாகவோ பொருக்குக் கட்டும். ஏழு முதல் பத்து நாளில், மிஞ்சினால் இரு கிழமையில், தழும்பின்றி ஆறும். உடைந்து கசியும் நாட்களே மற்றவர்க்கு மிகுதியாகப் பரவும் காலம்.

உதட்டில் காணும் புண்ணெல்லாம் இதுவன்று. வாய்க்குள்ளே கன்னத்திலும் நாக்கிலும் வெள்ளையாகக் குழி விழும் வாய்ப்புண் வேறு. அது ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவதில்லை. இரு கடைவாயிலும் வெடித்துப் புண்ணாவது வேறு. அது பெரும்பாலும் ஊட்டக் குறைவு. குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் அய்க்ராய்டு, கிருஷ்ணன் ஆகியோர் 1936இலேயே அத்தகைய வாய்ப்புண்ணுக்கும் வைட்டமின் பி2 குறைவுக்கும் உள்ள தொடர்பை எழுதியிருக்கின்றனர். பால், முட்டை, கீரை ஆகியவை அதற்கு மருந்து. சத்துணவில் தரப்படும் முட்டையைப் பிள்ளைகள் ஒதுக்காமல் உண்கிறார்களா என்று பெற்றோர் கேட்க வேண்டும். தேன்நிறப் பொருக்கோடு பரவும் சிரங்கு வேறொரு கிருமியின் வேலை. அதற்குரிய மருந்தும் வேறு. வெற்றிலையோடு புகையிலை போடும் பெரியவர்களுக்கு ஒரு சொல்: உதட்டிலோ வாயிலோ மூன்று கிழமை கடந்தும் ஆறாத புண் இருந்தால் அதைக் கொப்புளம் என்று ஏமாற வேண்டா. புற்றுநோயா என்று சோதித்துக்கொள்ள வேண்டும்.

இனி அக்கி. அது இதன் பங்காளி. சின்னம்மையை உண்டாக்கும் வைரஸ் அம்மை இறங்கிய பின்னும் நரம்பு முடிச்சில் தங்கியிருந்து, முதுமையில் வெளிவருவதே அக்கி. குயவரிடம் சென்று காவிமண்ணைக் குழைத்து அக்கி எழுதும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. எழுதினால் இறங்குகிறதே என்பர். எழுதாவிட்டாலும் இரண்டு மூன்று கிழமையில் இறங்கக்கூடியதே அது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். உதட்டுக் கொப்புளத்தில் சுண்ணாம்பு தடவுவோரும் இவ்வாறே அதை நம்புகின்றனர். ஆனால் சுண்ணாம்பு தோலை வேகவைத்துப் புண்ணைப் பெரிதாக்கும். நம் முன்னோரின் மருத்துவத்தை இகழ்வதாக எண்ண வேண்டா. பண்டிதர் அயோத்திதாசர் சித்த மருத்துவர் என்பதை இச்சங்கத்தின் இளைஞர்கள் அறிவர். அவர் வழியில் வந்தவர்கள் எதையும் காரணம் கேட்டு ஏற்க வேண்டும் என்பதே நம் கருத்து. மருந்துக் கடையில் தாமாகக் கேட்டு வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளுக்கும் இக்கேள்வி பொருந்தும். அவை இவ்வைரஸை அடக்குவதில்லை, வளரவே விடும்.

இதற்கென்று மருந்து உண்டு. அதன் பெயர் அசைக்ளோவிர். இம்மருந்தின் வரலாற்றில் மாணவிகள் கேட்க வேண்டிய ஒரு பெயர் இருக்கிறது: கெர்ட்ரூட் எலியன். 1918இல் நியூயார்க்கில், குடியேறி வந்த குடும்பத்தில் பிறந்தவர். தாத்தா புற்றுநோயால் இறந்ததைப் பதினைந்தாம் வயதில் கண்டு, நோய்க்கு மருந்து காண்பதே தம் வேலை என்று முடிவு செய்தார். பொருளாதார வீழ்ச்சியில் தந்தை செல்வத்தை இழந்தமையால், கட்டணமின்றிப் பயிலக்கூடிய ஹண்டர் கல்லூரியில் படித்து 1937இல் பட்டம் பெற்றார். பட்டம் பெற்றும் ஆய்வகங்களில் இடமில்லை. பெண் இருந்தால் ஆண்களின் கவனம் சிதறும் என்று ஓரிடத்தில் காரணம் சொன்னார்கள்! சில காலம் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்தார். அவ்வகையில் அவர் நம் ஆசிரியர் இனத்தைச் சேர்ந்தவர். 1944இல் ஒரு மருந்து நிறுவனத்தில் நுழைந்தார். அங்கே அவரும் அவருடன் பணியாற்றியவர்களும் செய்த ஆய்விலிருந்து 1970களில் இம்மருந்து உருவாயிற்று. ஆய்ந்து பெறும் முனைவர் பட்டம் அவரிடம் இல்லை. 1988இல் நோபல் பரிசு அவரிடம் வந்து சேர்ந்தது.

மருந்து வேலை செய்யும் விதம் அழகானது. வைரஸ் பெருகுவதற்குத் தன் மரபுப் பொருளைக் கல் மேல் கல்லாக அடுக்க வேண்டும். அசைக்ளோவிர் ஒரு பொய்க்கல். பார்வைக்கு உண்மைக் கல்லைப் போலவே இருக்கும்; எடுத்து வைத்தால் அதன்மேல் அடுத்த கல் அமராது. கட்டடம் பாதியில் நிற்கும். அந்தப் பொய்க்கல்லை வேலைக்குத் தகுதியாக்குவதே வைரஸின் சொந்த நொதிதான். ஆதலால் நலமான உயிரணுக்களை அது பெரும்பாலும் தொடுவதில்லை. ஊரல் எடுக்கும் முதல் நாளிலேயே தொடங்கினால் புண்ணின் நாட்கள் குறையும்; பொருக்குக் கட்டிய பின் தொடங்கினால் பயன் சிறிது. மாத்திரையா களிம்பா, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். கருவுற்றோரும் சிறுநீரக நோயுள்ளோரும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். நரம்பில் உறங்கும் வைரஸை இம்மருந்தும் அழிப்பதில்லை. தடுப்பூசியும் இன்றுவரை இல்லை.

அஞ்ச வேண்டிய இடங்கள் சில உண்டு. கொப்புளத்தைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கண்ணின் கருவிழியில் புண் உண்டாகிப் பார்வையே பறிபோகலாம். கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, வலித்தால் தாய்ப்பால், இலைச்சாறு, விளக்கெண்ணெய் எதையும் விடாமல் பென்னாகரத்துக்கோ தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அன்றே செல்லுங்கள். எதிர்ப்பாற்றல் குறைந்த நோயாளிகளுக்கும் இது கடுமையாகும். எல்லாவற்றினும் மேலாக, பிறந்த குழந்தை. பச்சிளங் குழந்தையின் உடலில் இவ்வைரஸ் புகுந்தால் மூளைவரை சென்று உயிரையே பறிக்கக்கூடும்.

ஆகவே கொப்புளம் உள்ள நாட்களில் குவளை, கரண்டி, துண்டு, பீடி ஆகியவற்றைப் பிறரோடு பகிரலாகாது. கையைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். இதைச் சொல்லும்போது நம் நா ஒரு கணம் தயங்குகிறது. தனிக் குவளை என்ற சொல்லை இந்தப் பந்தலில் எப்படி உச்சரிப்பது? கொட்டாங்குச்சியில் தேநீர் வாங்கிக் குடித்த தந்தையரின் பிள்ளைகள் நாம். அந்தத் திண்ணையில் செவிலியர் இவ்வறிவுரையைச் சொன்னபோது மாணவியின் தகப்பனார் முகம் கறுத்தது. "வீட்டுக்குள்ளேயுமா?" என்று மட்டும் கேட்டார். நமக்கு அப்போது விடை சொல்லத் தெரியவில்லை. பின்னர் நெடுநாள் எண்ணிப் பார்த்தோம். தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்கள் தம் சாதியில் உதட்டுப் புண்ணோடு வந்தவனுக்கு அதைக் கொடுத்ததில்லை. நம்மவருள் ஒரு புண்ணும் இல்லாதவனுக்குக் கொடுத்தார்கள். நோய்க்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு ஒழித்ததும், 1955ஆம் ஆண்டுச் சட்டம் தண்டிப்பதும் அந்தக் குவளையைத்தான். இந்தக் குவளை எவராயினும் புண்ணுள்ளவருக்கு. அதுவும் பத்து நாளைக்கு. புண் ஆறியவுடன் மற்றக் குவளைகளோடு கழுவி வைக்கப்படுவது. தட்டில் தனியே வைத்தாலும் அதே பந்தியில் அருகில் அமர்ந்தே உண்ணலாம். ஒரே வகுப்பில், ஒரே பலகையில் அமரலாம். பள்ளியை விட்டு நீங்க ஒருநாளும் தேவையில்லை.

நம் மாவட்டத்து மக்கள் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரிப்பது புதிதன்று. நிலத்தடி நீரிலிருந்த ஃபுளோரைடால் பல் பழுத்த பிள்ளைகளை நாம் எத்தனையோ வகுப்புகளில் கண்டிருக்கிறோம். பல் துலக்காதவன் என்று அவர்களை ஆசிரியர்களே வைததுண்டு. குற்றம் நீரில் இருந்தது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பின்னரே அதன் காரணம் பலருக்கு விளங்கிற்று.

அந்த மாணவி தேர்வு எழுதினாள். இழந்த நாட்களில் கணக்குப் பாடத்தின் திருப்புதல் போயிற்று; அதில் அவள் பெற வேண்டிய மதிப்பெண்ணைப் பெறவில்லை. அதற்கு நாமே பொறுப்பு. மேல்நிலை வகுப்பில் அறிவியல் பிரிவு கேட்டாள், கிடைத்தது. அண்ணனே மிதிவண்டியில் கொண்டுவந்து விட்டுச் சென்றான்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு மூதாட்டி நம்மிடம் வந்து, மகள் பேறுகாலத்துக்கு வந்திருக்கிறாள், தமக்கு அடிக்கடி உதட்டில் இது வருகிறது, பேரனைத் தொடலாமா என்று கேட்டார்கள். அவர்களுக்கு இங்கேயே விடை சொல்கிறோம். தாயே, கையைக் கழுவிவிட்டுத் தாராளமாகத் தூக்குங்கள். கொப்புளம் இருக்கும்போது மட்டும் முத்தம் வேண்டா. பொருக்கு உதிர்ந்து தோல் முழுதும் மூடும்வரை பொறுங்கள். பிறந்து ஒரு திங்கள் வரையில், புண் இல்லாதவர்கூடக் குழந்தையின் வாயிலும் கண்ணருகிலும் முத்தமிடாமல் இருப்பது நலம். அதன் பிறகு உங்கள் பேரன், உங்கள் விருப்பம்.